பெரிய ஆபரேஷனுக்குப் பின்: பெருங்குடல் புற்றுநோய் கேள்வி – பதில்

பெருங்குடல் புற்றுநோய் குடலைத் தாண்டிச் சிறுநீர்ப்பை, கருப்பை, மண்ணீரல், வயிற்று உள்ளுறை (வயிற்றின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வு) என்று பரவிவிட்டால், ஒட்டியிருக்கும் உறுப்புகளையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருக்கும். எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் நடக்கும் ஆபரேஷன் இது. அதற்குப் பிறகு வரும் சிக்கல்கள் பற்றிய கேள்விகளே இம்முறை அதிகம். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம். குடல் அறுவைப் பிரிவு மருத்துவர்களும் ஸ்டோமா (மலம் வெளியேற வயிற்றுத் தோலில் குடலைத் திறந்து வைக்கும் வாய்) செவிலியர்களும் பதில் தருகிறார்கள்.

அப்பாவுக்கு 62 வயது. இடப்பக்கப் பெருங்குடலில் இருந்த கட்டி சிறுநீர்ப்பையோடு ஒட்டியிருந்ததால் பையிலும் ஒரு பகுதியை எடுத்தார்கள். ஐந்து நாள் நன்றாக இருந்தார், இட்லிகூடச் சாப்பிட்டார். ஆறாம் நாள் நாடித்துடிப்பு 118. காய்ச்சல் இல்லை, வெளித்தையல் சுத்தமாக இருக்கிறது. ஆனால் ‘லீக் இருக்கலாம், சி.டி. எடுக்கணும்’ என்கிறார் டாக்டர். ஐந்து நாள் பிடித்த தையல் ஆறாம் நாள் எப்படி விடும்? (தஞ்சாவூர் வாசகர்)

உங்கள் டாக்டர் சரியான நேரத்தில் சந்தேகப்படுகிறார். குடலின் இரு முனைகளையும் சேர்த்துத் தைத்த இடம் முதல் நாளைவிட மூன்றாம், நான்காம், ஐந்தாம் நாளில்தான் பலவீனமாக இருக்கும். பழைய நார்த்திசு கரைந்துபோயிருக்கும், புதியது இன்னும் ஊறியிருக்காது. அந்த இடைவெளியில் முழு இழுவையையும் நூலோ ஸ்டேப்பிள் பின்னோதான் தாங்குகிறது. அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவாக இருந்தாலோ, குடல் இழுபட்டு நின்றாலோ, உடம்பில் புரதம் வற்றியிருந்தாலோ இணைப்பு ஒரு மூலையில் விட்டுக்கொடுக்கும். புகைப்பழக்கம், கட்டுப்படாத சர்க்கரை, ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவை இதற்கு வழிவிடும். தைத்தவரின் கைப்பிழைதான் காரணம் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது.

வெளித்தையல் சுத்தமாக இருப்பதை வைத்து உள்ளே எதையும் கணிக்க முடியாது. காய்ச்சலும் கடைசியில்தான் வரலாம், வராமலும் போகலாம். முதலில் பேசுவது நாடிதான். வலி இல்லாமல், ரத்தம் குறையாமல், படுத்திருக்கும்போதே 100-க்கு மேல் ஓடினால் காரணம் தேடியாக வேண்டும். நிமிடத்துக்கு 20-க்கு மேல் மூச்சு, அடங்கியிருந்த வயிறு மறுபடி உப்புவது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று ‘வேண்டாம்’ என்பது, புதிதாக வந்த ஒழுங்கற்ற இதயத்துடிப்பு, வயதானவரிடம் குழப்பம் ஆகியவையும் அதே கதையைச் சொல்லும்.

உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பாருங்கள். ஆபரேஷன் முடிந்து 48 முதல் 72 மணி நேரத்தில் அது உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்க வேண்டும். மூன்றாம், நான்காம் நாளிலும் லிட்டருக்கு 150 மி.கி.க்கு மேல் நின்றாலோ, இறங்கியது மறுபடி ஏறினாலோ சந்தேகம் வலுக்கிறது. சில லேப்களில் டெசிலிட்டர் கணக்கில் 15 என்று போட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றே. இது தெரியாமல் ‘பதினைந்துதானே’ என்று நிம்மதிப்படுகிறவர்கள் உண்டு.

சி.டி.யில் சிறிய, ஓரிடத்தில் அடங்கிய கசிவு தெரிந்தால் ஆன்டிபயாடிக் கொடுத்து, வாய்வழி உணவை நிறுத்திவைப்பார்கள். சீழ் 3 செ.மீ.க்கு மேல் தேங்கியிருந்தால் ஸ்கேன் பார்த்தபடியே தோல் வழியாக ஒரு குழாய் விட்டு வடிப்பார்கள். வயிறு முழுக்கப் பரவியிருந்தால் மறுபடி திறந்து கழுவி, இணைப்பைப் பிரித்து, குடலை ஸ்டோமாவாக வெளியே கொண்டுவருவதே உயிரைக் காக்கும் வழி. சி.டி. தெளிவாக இல்லாமல் நோயாளி மட்டும் மோசமாகிக்கொண்டே போனால் ஸ்கேனை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

உங்கள் அப்பா விஷயத்தில் இன்னொன்று. சிறுநீர்ப்பையைத் தைத்திருப்பதால் யூரின் டியூபை வழக்கம்போல் இரண்டாம் நாளே எடுக்க மாட்டார்கள். 7 முதல் 14 நாள் வைத்திருப்பார்கள். டிரெயின் பாட்டிலில் (வயிற்றுக்குள் தேங்கும் நீரைக் குழாய் வழியே பிடிக்கும் பாட்டில்) திடீரென்று வெளிர்மஞ்சள் நீர் கூடினால் அதில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருள்) எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு இருந்தால் அது சிறுநீர், அதாவது பையோ சிறுநீர்க்குழாயோ கசிகிறது. மலநிறத்தில் வந்தால் குடல், பால்போல வந்தால் நிணநீர், பச்சையாக வந்தால் பித்தம். டிரெயின் பாட்டிலின் நிறத்தைத் தினமும் போன் கேமராவில் எடுத்துவைப்பது நல்ல பழக்கம்.

நான்காம் நாள் ஆகியும் அம்மாவுக்கு வாயு பிரியவில்லை. பச்சையாக வாந்தி. மூக்கில் மறுபடி குழாய் போட்டுவிட்டார்கள். (நாமக்கல்)

குடல் மொத்தமும் ஒரே நேரத்தில் விழிப்பதில்லை. சிறுகுடல் ஒரு நாளில் அசையத் தொடங்கும், இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள், பெருங்குடலுக்கு ஏறக்குறைய மூன்று நாள். பெரிய ஆபரேஷனில் இது இழுத்துக்கொண்டு போவது சகஜம். மார்பின், டிராமடால் போன்ற வலிமருந்துகள், ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு, அளவுக்கு மீறி ஏற்றிய சலைன் ஆகியவை குடலைத் தூங்க வைக்கும். மூக்குக் குழாய் தண்டனை அல்ல. வாந்தி நுரையீரலுக்குள் போய்விடாமல் தடுக்கிறது. நடக்க வையுங்கள். டாக்டர் சம்மதித்தால் தினம் மூன்று முறை கால் மணி நேரம் சூயிங்கம் மெல்லலாம். மெல்லும் அசைவு குடலைத் தட்டி எழுப்பும். ஆனால் ஒருமுறை அசைந்த குடல் மறுபடி நின்றுபோனால் அதைச் சாதாரண மந்தம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே கசிவோ அடைப்போ இருக்கலாம்.

அம்மாவுக்குச் சிறுகுடலை வெளியே எடுத்து ஸ்டோமா வைத்திருக்கிறார்கள். பையில் தினமும் இரண்டு லிட்டர் தண்ணீராகப் போகிறது. உடம்பு வற்றக் கூடாதென்று இளநீர், ரசம், வெந்நீர் என்று மூன்று லிட்டர் கொடுக்கிறோம். ஆனாலும் தலை சுற்றுகிறது, கெண்டைக்கால் இழுக்கிறது. கிரியேட்டினின் 2.1. (திருநெல்வேலி வாசகி)

முதலில் செய்ய வேண்டியது: இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கிரியேட்டினின் 2.1 என்றால் சிறுநீரகம் நீர் வறட்சியில் வாடிக்கொண்டிருக்கிறது. வீட்டில் கரைத்துக் குடித்துச் சரிசெய்யும் கட்டம் தாண்டிவிட்டது. நரம்பு வழியாக சலைன் ஏற்ற வேண்டும். சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் பார்க்க வேண்டும். கெண்டைக்கால் இழுப்புக்கு மெக்னீசியம் குறைவும் காரணமாக இருக்கலாம்.

இனி ஏன் இப்படி ஆனது என்பதைப் பார்ப்போம். இது வீட்டுக்கு வீடு நடக்கும் தவறு. நல்லெண்ணத்தில் செய்வது என்பதால் யாரும் தடுப்பதில்லை. சிறுகுடல் ஸ்டோமாவில் வெளியேறும் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 6 முதல் 7 கிராம் உப்பு போய்விடுகிறது. இரண்டு லிட்டர் என்றால் இரண்டு தேக்கரண்டிக்கு மேல் உப்பு. உப்பில்லாத வெறுந்தண்ணீர் சிறுகுடலுக்குள் போனால், அதைச் சமன்செய்ய உடம்பு தன் உப்பையும் நீரையும் குடலுக்குள் இறக்குகிறது. அதுவும் சேர்ந்து பையில் விழும். தாகம் எடுக்கிறது, இன்னும் குடிக்கிறார், இன்னும் போகிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. அம்மாவுக்குத் தேவைப்படுவது சோடியம். சிறுநீரகம் சோர்ந்திருக்கும்போது பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கினால் இதயத்துடிப்பே தடுமாறும். கிரியேட்டினின் சரியாகும்வரை இளநீரைத் தொடாதீர்கள்.

வீடு திரும்பிய பிறகு கணக்கு இப்படி இருக்கட்டும். அளவுகோடு போட்ட ஜாடி ஒன்றை வாங்கி, பையைக் காலி செய்யும்போதெல்லாம் அளந்து எழுதுங்கள். 24 மணி நேரத்தில் 500 முதல் 1,000 மி.லி., கூழ்ப் பதத்தில் என்றால் இயல்பு. 1,500-ஐத் தாண்டினால் அது மிகைப்போக்கு. சிறுநீரையும் அளக்க வேண்டும். நாளுக்கு 800 மி.லி.க்குக் குறையக் கூடாது.

வெறுந்தண்ணீர், டீ, காபி, ஜூஸ் எல்லாம் சேர்த்து ஒரு லிட்டருக்குள் நிறுத்துங்கள். மிச்சத் தாகத்துக்கு ஓ.ஆர்.எஸ். உலக சுகாதார நிறுவன அளவில் வரும் பாக்கெட் ஒன்றைச் சரியாக ஒரு லிட்டர் நீரில் கரைத்து, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். போக்கு அதிகமாக இருப்பவர்களுக்கு இன்னும் உப்பு கூடிய கரைசலைச் சில மருத்துவர்கள் சொல்வார்கள்: ஒரு லிட்டரில் 20 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கரண்டிக் கணக்கு வேண்டாம், சின்னத் தராசில் நிறுங்கள். ருசி சகிக்காது, ஃபிரிட்ஜில் குளிரவைத்தால் தொண்டையில் இறங்கும். கடையில் டெட்ரா பாக்கெட்டில் கிடைக்கும் ‘எனர்ஜி’ பானங்கள் இதற்கு மாற்று அல்ல. அவற்றில் சர்க்கரை கூடுதல், அது போக்கை அதிகமாக்கும்.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதைத் தவிர்த்து, அரை மணி இடைவெளி விடுங்கள். குழைந்த சாதம், உப்பிட்ட தயிர்சாதம், ஜவ்வரிசி, வாழைப்பழம் போன்றவை போக்கைக் கெட்டியாக்கும். வாழைப்பழத்திலும் பொட்டாசியம் உண்டு என்பதால் சிறுநீரகம் தெளிந்த பிறகு. கிருமித்தொற்றும் அடைப்பும் இல்லை என்று டாக்டர் உறுதி செய்தபின் போக்கைக் குறைக்கும் லோபரமைட் 2 மி.கி. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு கொடுக்கச் சொல்வார். ஒரு வேளைக்கு ஒன்றா இரண்டா என்பது அவர் முடிவு. கேப்ஸ்யூல் கரையாமல் முழுதாகப் பையில் வந்து விழுந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். அம்மா ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துவந்தால், போக்கு கூடியிருக்கும் நாட்களில் அதைத் தொடரலாமா என்று கட்டாயம் கேளுங்கள். நீர் பிரிக்கும் மாத்திரையும் சில அழுத்த மாத்திரைகளும் வற்றிய சிறுநீரகத்தை மேலும் அழுத்தும். வலிக்கு டைக்ளோஃபெனாக் போடவே வேண்டாம்.

ஸ்டோமாவைச் சுற்றித் தோல் வெந்துபோய் ரத்தம் கசிகிறது. பை ஒரு நாள்கூட ஒட்டி நிற்பதில்லை. தேங்காய் எண்ணெய் தடவுகிறோம். (ராமநாதபுரம்)

எண்ணெய் தடவினால் பை எப்படி ஒட்டும்? முதலில் அதை நிறுத்துங்கள். சோப்பு, டெட்டால், முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரும் வேண்டாம்.

தோல் வெந்ததற்குக் காரணம் பெரும்பாலும் பையைத் தோலில் ஒட்டும் தட்டில் வெட்டிய ஓட்டை பெரிதாக இருப்பது. ஆபரேஷன் முடிந்ததும் வீங்கியிருக்கும் ஸ்டோமா ஆறு முதல் எட்டு வாரம்வரை சுருங்கிக்கொண்டே வரும். ஆஸ்பத்திரியில் முதல் வாரம் வெட்டித் தந்த அளவிலேயே இன்னும் வெட்டிக்கொண்டிருந்தால், இடையில் தெரியும் தோலில் செரிமான நீர் விழுந்து அரிக்கும். வாரம் ஒருமுறை அளவு அட்டையை வைத்துப் பார்த்து, ஸ்டோமாவைவிட 2 முதல் 3 மி.மீ. மட்டுமே பெரிதாக வெட்டுங்கள்.

மாற்றும் நேரம் காலையில், எதுவும் சாப்பிடுமுன். அப்போதுதான் போக்கு குறைவு. பழைய தட்டை மேலிருந்து கீழாக, தோலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மெல்ல உரிக்க வேண்டும். வெதுவெதுப்பான வெறும் நீரால் துடைத்து, முழுக்கக் காய விடுங்கள். வெந்த இடத்தில் ஸ்டோமா பவுடர் தூவி, ஒட்டாததைத் தட்டிவிட்டு, மேலே தோல்காப்பு ஸ்பிரே அடித்து, காய்ந்ததும் இதையே இன்னொரு முறை செய்யுங்கள். பள்ளமோ மடிப்போ இருந்தால் பேஸ்ட்டால் நிரப்புங்கள். பேஸ்ட் பசை அல்ல, சுவர் ஓட்டையில் பூசும் பூச்சு மாதிரி. தட்டை ஒட்டியதும் உள்ளங்கையை இரண்டு நிமிடம் அதன்மேல் வையுங்கள். கைச்சூட்டில்தான் பசை பிடிக்கும். பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்யுங்கள். நிரம்ப விட்டால் கனத்திலேயே தட்டு கழன்றுவிடும். ஒழுங்காக ஒட்டினால் மூன்று, நான்கு நாள் தாங்கும். சித்திரை வெயிலில் வியர்வையால் ஒரு நாள் குறையலாம்.

துடைக்கும்போது ஒரு சொட்டு ரத்தம் வந்தால் பயம் வேண்டாம். ஸ்டோமா உதட்டுச் சிவப்பில், ஈரமாக இருக்க வேண்டும். ஊதா, கறுப்பு என்று மாறினால் ரத்த ஓட்டம் இல்லை. அந்த நிமிடமே அறுவை மருத்துவரைக் கூப்பிடுங்கள். முதல் இரண்டு மாதம் முருங்கைக்காய், வாழைத்தண்டு, சோளம், காளான், தேங்காய்ச் சில்லு, ஆரஞ்சுத் தோல்நார் ஆகியவற்றைத் தொடாமல் இருப்பது நல்லது. சிறுகுடல் ஸ்டோமாவில் நான்கைந்து மணி நேரம் எதுவும் வராமல் வயிறு பிடித்து இழுத்தால் அடைப்பு.

தையலிலிருந்து திடீரென்று இளஞ்சிவப்பு நீர் கசிந்து உடையை நனைத்தது. ஏழாம் நாள். வலி இல்லை. (கரூர்)

தோலுக்குக் கீழே தசைத்தையல் விட்டிருக்கலாம். நடக்க விடாதீர்கள், இருமினால் வயிற்றைத் தலையணையால் அழுத்தச் சொல்லுங்கள், உடனே அழைத்துப் போங்கள். குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளவே கூடாது. சலைனில் நனைத்த சுத்தமான துணியால் மூடி, முழங்காலை மடக்கிப் படுக்கவைத்து, வாய்க்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் ஆம்புலன்ஸில் ஏற்றுங்கள்.

மூன்றாவது வாரம் காயத்தின் நடுவிலிருந்து மலம் வருகிறது. ஃபிஸ்டுலா என்கிறார்கள். ‘ஆறு மாசம் போகட்டும், அப்புறம் ஆபரேஷன்’ என்கிறார் டாக்டர். ஓட்டையை இப்போதே அடைத்தால் என்ன? கைவிட்டுவிட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. (சேலம் வாசகி)

கைவிடவில்லை. அவசரப்படாமல் இருப்பதுதான் இந்த நோயின் கடினமான பாதி. பெரிய ஆபரேஷன் முடிந்து இரண்டாம் வாரத்திலிருந்து சில மாதங்கள்வரை வயிற்றுக்குள் குடல்கள் ஒன்றோடொன்று ஈரச் சிமெண்ட் போல ஒட்டிக்கிடக்கும். தொட்டால் ரத்தம் வடியும். அந்தச் சமயத்தில் ஒரு ஓட்டையை அடைக்கப் போனால் பிரிக்கும்போதே மூன்று ஓட்டை விழும். மூன்று முதல் ஆறு மாதத்தில் அந்த ஒட்டு தளர்ந்து, வயிற்றுச் சுவர் கைக்கு மெத்தென்று ஆகும்.

அதுவரை செய்ய வேண்டிய வேலை நிறைய. முதலில் உள்ளே தேங்கிய சீழ் முழுக்க வடிய வேண்டும். அதுவரை எந்தச் சாப்பாடும் உடம்பில் ஒட்டாது. அடுத்தது ஊட்டம். எடை 50 கிலோ என்றால் நாளுக்கு 1,250 முதல் 1,750 கலோரி, 75 முதல் 100 கிராம் புரதம். வாயால் முடிந்தால் வாயால், முடியாவிட்டால் கழுத்து ரத்தக்குழாய் வழியாக. பல நாள் பட்டினி கிடந்தவருக்கு முதல் நாளே முழு அளவு ஏற்றக் கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் தள்ளாடும். தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டு, படிப்படியாக ஏற்றுவார்கள். மூன்றாவது தோல். பஞ்சு மாற்றி மாற்றிக் கட்டுவதைவிட, காயத்தின்மேலேயே ஒரு ஸ்டோமா பையை ஒட்டுவது நல்லது. அப்போதுதான் எவ்வளவு வருகிறது என்றும் அளக்கலாம். நாளுக்கு 500 மி.லி.க்கு மேல் என்றால் அதிகம், 200-க்குக் கீழ் என்றால் குறைவு.

சீழ் அடங்கி, ஊட்டமும் சேர்ந்தால் சில ஃபிஸ்டுலாக்கள் நான்கு முதல் ஆறு வாரத்தில் தானே மூடிக்கொள்ளும். அதற்குக் கீழே குடலில் அடைப்பு இருந்தாலோ, அந்த இடத்தில் புற்றுநோய் மிச்சம் இருந்தாலோ, கதிர்வீச்சு பட்ட குடலாக இருந்தாலோ மூடாது. ஸ்கேனில் டாக்டர் தேடுவது இவற்றைத்தான்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது, ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்ஸபாரின் 40 மி.கி. ஊசியை இன்னும் 20 நாள் போடச் சொன்னார்கள். நடக்கிறாரே, நிறுத்திவிடலாமா? (மதுரை)

நிறுத்த வேண்டாம். புற்றுநோயே ரத்தத்தை உறைய வைக்கும், பெரிய வயிற்று ஆபரேஷன் அதை இன்னும் கூட்டும். அந்த ஆபத்து வீட்டுக்கு வந்ததும் போய்விடாது. அதனால்தான் ஆபரேஷனிலிருந்து நான்கு வாரக் கணக்கு. தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளி, தையலுக்கும் ஸ்டோமாவுக்கும் அருகில் போகாமல், தோலை மடித்துப் பிடித்து நேராகக் குத்துங்கள். சிரிஞ்சில் இருக்கும் காற்றுக்குமிழியைத் தள்ளிவிடாதீர்கள், போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். சிறுநீரகம் பாதித்தவருக்கு அளவைக் குறைக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ மணி பார்க்காமல் கிளம்புங்கள்.

வயிற்று உள்ளுறையில் பரவியிருந்ததால் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, சூடான கீமோ ஊற்றினார்கள். மண்ணீரலையும் எடுத்துவிட்டார்கள். பத்தாம் நாள் வெள்ளை அணு 1,400. (கோயம்புத்தூர்)

ஹைபெக் எனப்படும் அந்தச் சிகிச்சையில் 41 முதல் 43 டிகிரி செல்சியஸ் சூட்டில் மருந்தை வயிற்றுக்குள் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் சுழல விடுவார்கள். அதில் ஒரு பங்கு ரத்தத்தில் ஏறும். மைட்டோமைசின் போட்டிருந்தால் ஒன்று, இரண்டு வாரத்தில் வெள்ளை அணு விழுவது எதிர்பார்த்ததுதான். தேவைப்பட்டால் எலும்புமஜ்ஜையைத் தூண்டும் ஊசி போடுவார்கள். சிக்கல் என்னவென்றால், குடல் இணைப்பு கசியக்கூடிய நாட்களும் இதே நாட்கள்தான். வெள்ளை அணு இல்லாத உடம்பில் கசிவின் அறிகுறிகள் மங்கித் தெரியும்.

மண்ணீரலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரியோடு மறந்துபோகும் விஷயம் அது. மண்ணீரல் இல்லாத உடம்பை எளிதில் தாக்கும் நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் ஆகிய கிருமிகளுக்கு எதிராக மூன்று தடுப்பூசிகள் தேவை. பொதுவாக ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் கழித்துப் போடுவார்கள். கீமோ தொடங்குவதாக இருந்தால் ஊசி போடும் தேதியை மருத்துவர் குறிப்பார். வருடாவருடம் ஃப்ளூ ஊசியும் உண்டு. இனி வாழ்நாள் முழுக்க 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் என்றால் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்ற பேச்சே கிடையாது. நாய் கடித்தாலும் அப்படியே. ‘மண்ணீரல் இல்லை’ என்று எழுதிய சீட்டு சட்டைப்பையில் இருக்கட்டும். மண்ணீரலை எடுக்கும்போது அதையொட்டிய கணையத்தின் வால் காயப்படலாம் என்பதால், டிரெயின் நீரில் கணையம் சுரக்கும் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

ஹைபெக் பற்றிப் பலரும் கேட்டிருப்பதால் ஒரு வார்த்தை. பிரான்ஸில் நடந்த ‘ப்ராடிஜ் 7’ என்ற ஆய்வு 2021-இல் வெளியானது. கட்டிகளை முழுக்க அகற்றியவர்களில் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தால் ஹைபெக் சேர்த்தவர்களும் சேர்க்காதவர்களும் ஏறக்குறைய ஒரே காலம்தான் வாழ்ந்தார்கள், நடுமதிப்பு 41 மாதத்தை ஒட்டி. இரண்டு மாத அளவில் பார்த்தபோது சிக்கல்கள் ஹைபெக் தரப்பில் கூடுதல். நல்ல கைகளில் சுத்தமாக அகற்றுவதுதான் பெரும்பங்கு வேலை செய்கிறது. சூட்டு மருந்து சேர்ப்பதா என்பதை ‘புதுசு, காஸ்ட்லி, அதனால் நல்லது’ என்று முடிவு செய்யாதீர்கள்.

74 வயது மாமனார், இரண்டாம் நாள் இரவு சுவரில் எறும்பு ஓடுகிறது என்கிறார், டியூபைப் பிடுங்குகிறார். (விழுப்புரம் வாசகி)

மனநோய் அல்ல. ஆக்சிஜன் குறைவு, சோடியம் குறைவு, தொற்று, சிறுநீர் அடைப்பு, டிராமடால், தூக்க மாத்திரை என்று காரணங்களை ஒவ்வொன்றாகத் தேடுவார்கள். கண்ணாடியையும் காது மிஷினையும் திரும்பக் கொடுங்கள். பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். தினமும் குடிக்கும் பழக்கம் இருந்தவரா? கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். குடி நின்ற இரண்டாம், மூன்றாம் நாளில் இப்படித்தான் வரும். மருந்தும் வேறு.

வலப்பக்கக் குடலை எடுத்து நான்கு மாதம். தினம் ஆறேழு முறை மஞ்சளாகத் தண்ணீர்போல் போகிறது. (நாகர்கோவில்)

அந்த ஆபரேஷனில் சிறுகுடலின் கடைசிப் பகுதியும் போகும். பித்த உப்பை மறுபடி உறிஞ்சுவது அந்த இடம்தான். அது இல்லாததால் பித்தம் பெருங்குடலில் இறங்கி நீரை வரவழைக்கிறது. கொலஸ்டிரமின் தூள் 4 கிராம் பாக்கெட் பலருக்குச் சட்டென்று கேட்கும். ஆனால் அது மற்ற மாத்திரைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அவற்றை ஒரு மணி நேரம் முன்போ, நான்கு மணி நேரம் பின்போ போடுங்கள். ஒரு மீட்டருக்கு மேல் சிறுகுடல் போயிருந்தால் இது எதிர்ப்பலன் தரும் என்பதால் ஆபரேஷன் குறிப்பில் நீளத்தைப் பாருங்கள். பி12 அளவையும் பார்த்துவிடுங்கள்.

கேபசிடபின் என்ற கீமோ மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியானால் முதல் சந்தேகம் அந்த மாத்திரைமேல்தான். வழக்கத்தைவிட நான்கு முறை கூடுதலாகப் போனாலே அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் புற்றுநோய் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

சிறுநீர்க்குழாயில் டி.ஜே. ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். எப்போது எடுப்பார்கள்? (திருச்சி)

இது சிறுநீர் தடையில்லாமல் இறங்க உள்ளே வைக்கும் மெல்லிய குழாய். பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் எடுப்பார்கள். அதுவரை சிறுநீரில் லேசான சிவப்பும் இடுப்பு வலியும் வந்துபோகும். எடுக்க வேண்டிய தேதியை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். கீமோ அலைச்சலில் மறந்து, வருடக்கணக்கில் உள்ளேயே விட்டுக் கல் கட்டிப்போன ஸ்டென்டுகள் உண்டு.

சீழ், மறு ஆபரேஷன் என்று ஏழு வாரம் ஓடிவிட்டது. கீமோ தொடங்கவே இல்லை. தாமதம் எவ்வளவு கெடுதல்? ஸ்டோமாவை எப்போது மூடுவார்கள்? (வேலூர் வாசகர்)

நோய் முழுக்க அகற்றப்பட்டு, தடுப்புக்காகக் கொடுக்கும் கீமோ என்றால் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தொடங்குவது இலக்கு. ஒவ்வொரு நான்கு வாரத் தாமதத்துக்கும் இறப்பு அபாயம் ஏறக்குறைய 14 சதவீதம் கூடுவதாக 2011-இல் வெளியான தொகுப்பாய்வு சொல்கிறது. அதற்காக உள்ளே சீழ் இருக்கும்போது தொடங்க முடியாது. வெள்ளை அணுவைக் குறைக்கும் மருந்தைத் தொற்றின்மேல் ஊற்றினால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் இல்லை, சி.ஆர்.பி. இறங்கிவிட்டது, சாப்பிடுகிறார், நாளில் பாதிக்கு மேல் எழுந்து நடமாடுகிறார் என்றால் எட்டாம் வாரமானாலும் தொடங்கலாம். இந்த ஒரு வாரத்தில் செய்யக்கூடியது சாப்பாடு. ‘ஆபரேஷன் உடம்பு, பத்தியம்’ என்று முட்டை, மீன், தயிரை நிறுத்தியிருந்தால் இன்றே திரும்பக் கொடுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், அரை லிட்டர் பாலில் 16 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம். 60 கிலோ எடைக்குத் தினம் 75 முதல் 90 கிராம் வேண்டும். வெறும் கஞ்சியில் அது வராது.

தொடங்குமுன் கிரியேட்டினின் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டோமாவில் நீர் அதிகம் போகிறவர்களுக்குக் கேபசிடபின் அளவைக் குறைக்கவோ தவிர்க்கவோ வேண்டியிருக்கும். மருந்துப் பட்டியலில் பெவசிசுமாப் என்ற புற்றுநோய் மருந்து இருந்தால், அது காயம் ஆறுவதைத் தடுக்கும். பெரிய ஆபரேஷன் முடிந்து 28 நாளாவது கழிய வேண்டும், காயமும் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சி.ஈ.ஏ. என்ற புற்றுநோய் ரத்தப் பரிசோதனையை இப்போதே எடுத்துப் பயப்படாதீர்கள். சீழ் இருந்தால் அதுவே கொஞ்சம் ஏறிக் காட்டலாம்.

தற்காலிக ஸ்டோமா என்றால் கீமோ முடிந்து, கீழே உள்ள இணைப்பு ஆறிவிட்டதா என்று சாயம் ஏற்றிப் படம் எடுத்துப் பார்த்த பிறகே மூடுவார்கள். பெவசிசுமாப் கடைசியாகப் போட்ட நாளிலிருந்து ஆறு வாரம் இடைவெளி விடுவார்கள். அந்தத் தேதியை இப்போதே காலண்டரில் குறித்துவைத்து, அறுவை மருத்துவரிடமும் புற்றுநோய் மருத்துவரிடமும் ஒரே தேதியைக் காட்டுங்கள். இருவரும் தனித்தனியாகத் திட்டமிட்டு இடைவெளி குறைந்துபோவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் குளறுபடி.